‘துணை: இணையம்’

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் மாணவர் எழுதித் தரும் இடுபணிகளின் கடைசித் தாளைப் புரட்டினால் ‘துணை: இணையம்’ என்றொரு வரி கண்ணில் படும். சிலர் ‘கூகுள்’ என்று எழுதி அமைவர். நூலகத்தில் படித்தவன் ‘துணை: அலமாரி’ என்று எழுதினால் நகைக்கும் ஆசிரியர், இதற்கு மட்டும் மதிப்பெண் வழங்குவது எவ்வாறு பொருந்தும்?

மூலத்தைச் சுட்டுவது மேலைநாட்டார் புகுத்திய சடங்கு என்பாரும் உளர். அவர்கள் உ.வே.சாமிநாதையரை மறந்தவர்கள். 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட அப்பெரியார், ஏட்டுச்சுவடி தந்தவர்களின் பெயர்களைத் தம் பதிப்புகளின் முகவுரைகளில் நன்றியுடன் பதிந்து சென்றார். செல்லரித்த ஓலைக்குக் காட்டிய மதிப்பை ஒளிரும் திரைக்குக் காட்டலாகாதா?

1998 பொங்கலன்று தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டத்தின் மின்னூல்களைப் பாருங்கள். தட்டெழுதியவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் முகப்பிலேயே உள்ளன. மூலமாகக் கொண்ட அச்சுநூலும் பலவற்றில் குறிக்கப்பட்டுள்ளது. பதிப்புக்குப் பதிப்பு பாடம் வேறுபடும் இலக்கியத்தில் இக்குறிப்பு உயிர்நாடியன்றோ? மாணவனோ அதைத் தாண்டிச் சென்று பாடலை மட்டும் வெட்டி ஒட்டுகிறான். பாரதியார் எழுதாத வரிகள் அவர் பெயரைச் சுமந்து பள்ளி மலர்களில் ஏறுவதும் இவ்வழியேதான்.

நூல் நின்றிருக்கும், இணையப் பக்கம் நில்லாது. 2009இல் ஜியோசிட்டிஸ் மூடப்பட்டபோது எத்தனையோ இலட்சம் பக்கங்கள் இருந்த இடம் தெரியாமற் போயின. அவற்றுட் பலவற்றை இணைய ஆவணகம் படியெடுத்து வைத்துள்ளது. ஆயினும் பக்கத்தின் முழு முகவரி கையில் இல்லாதவன் அங்கே தேடி மீட்பது அரிது. விக்கிப்பீடியாவில் இன்றுள்ள வாக்கியம் நாளை மாறலாம். குறித்த நாளின் வடிவத்திற்கு நிலையான இணைப்பு அங்கேயே கிடைக்கிறது. அதனை எடுத்தெழுத எவ்வளவு நேரம் பிடிக்கும்?

ஆசிரியர் பெயர், பக்கத் தலைப்பு, தளத்தின் பெயர், வெளியான நாள், முழு முகவரி, பார்த்த நாள்: வேண்டுவன இவ்வளவே. எழுதியவர் பெயர் இல்லையேல் வெளியிட்ட நிறுவனத்தின் பெயரை எழுதலாம். நாள் இல்லையேல் ‘நாள் குறிக்கப்படவில்லை’ என்று நேர்மையாக ஒப்புக்கொள்ளலாம். பார்த்த நாளை மட்டும் எக்காரணத்தாலும் விடலாகாது.

2001இல் தமிழ் இணைய மாநாடு கண்ட நகரம் கோலாலம்பூர். அந்நகரத்து மாணவனுக்கு இது தெரியவில்லை என்றால் குற்றம் அவனுடையதன்று. பார்த்த நாளும் பக்கத் தலைப்பும் இல்லாத இடுபணியைத் திருத்தாமல் திருப்பிக் கொடுக்க ஆசிரியர்கள் இத்தவணையிலேயே தொடங்கலாம். அதற்குமுன் தம் சொந்தக் கட்டுரைகளின் கடைசித் தாளையும் ஒருமுறை புரட்டிப் பார்த்துக்கொள்வது நலம்.