அப்பீல் செய்தால் தடை நீங்குமா? நீளுமா?

விளையாட்டு வீரர் ஒருவருக்குத் தடை விதிக்கப்படுகிறது. "இது அநியாயம்! உடனே அப்பீல் செய்!" என்கிறார்கள் நண்பர்கள்.

செய்யலாம். அது அவருடைய உரிமை. ஆனால் அப்பீல் செய்தவர்கள் எல்லோரும் ஜெயித்தது இல்லை. முதல் விசாரணையில் தப்பியவர்கள் இரண்டாவது விசாரணையில் சிக்கியதும் உண்டு.

சேலம், நாமக்கல் பக்கத்து மக்களுக்கு இது தூரத்து சமாசாரம் அல்ல. சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு, 2016-ம் ஆண்டு ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். அதே மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன், 2020-ம் ஆண்டு இந்திய கிரிக்கெட் அணியில் ஆடினார். இருவரும் எளிய குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களைப் பார்த்து இன்று எத்தனையோ பிள்ளைகள் விடியற்காலையில் மைதானத்துக்கு ஓடுகிறார்கள்.

பந்தயம் பெரிதாகும்போது சட்டதிட்டமும் பெரிதாகிறது. பிள்ளை ஓடக் கற்றால் போதும். சட்டத்தைப் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஊர்க் கோர்ட்டு வேறு

கோர்ட்டு என்பது இந்தப் பக்கத்து மக்களுக்குப் புதிது அல்ல. வரப்புத் தகராறு என்றால் முன்சீப் கோர்ட்டு. அங்கே தோற்றால் மேல் கோர்ட்டு. அதற்கும் மேலே சென்னை ஐக்கோர்ட்டு.

கிரிமினல் வழக்கில் ஒரு பாதுகாப்பு உண்டு. தண்டனை பெற்றவர் மட்டும் அப்பீல் செய்தால், அந்த அப்பீலில் அவருடைய தண்டனையைக் கூட்ட முடியாது. ஆகவே "குறைந்தால் லாபம், குறையாவிட்டால் பழையபடி" என்று மக்கள் நினைக்கிறார்கள்.

விளையாட்டு உலகம் அப்படி அல்ல. பல விளையாட்டுகளில் அப்பீல் குழு வழக்கை முதலில் இருந்து விசாரிக்கலாம். இன்னொன்றும் உண்டு. வீரர் விடுதலையானால், விளையாட்டை நடத்துகிற சங்கமே அவருக்கு எதிராக அப்பீல் செய்யலாம். கதவு ஒன்றுதான். அதை இரண்டு பக்கத்தாரும் தட்டலாம்!

சிட்னி சண்டை

அப்பீலால் பலன் பெற்றவர் ஹர்பஜன் சிங். 2008-ம் ஆண்டு ஜனவரி மாதம். ஆஸ்திரேலியாவில், சிட்னி நகரில் டெஸ்ட் பந்தயம். ஹர்பஜனுக்கும் ஆஸ்திரேலிய வீரர் ஆண்ட்ரூ சைமண்ட்சுக்கும் ஆடுகளத்திலேயே வாய்ச்சண்டை மூண்டது. சைமண்ட்சைக் "குரங்கு" என்று ஹர்பஜன் இனத்தை இழித்து ஏசினார் என்பது புகார். "அப்படிச் சொல்லவே இல்லை" என்றார் ஹர்பஜன்.

பந்தய நடுவர் மைக் பிராக்டர் விசாரித்தார். 3 டெஸ்ட் பந்தயங்களில் ஆடத் தடை விதித்தார். இந்தியாவில் ஒரே கொந்தளிப்பு. இந்திய அணி சுற்றுப்பயணத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு திரும்பிவிடுமோ என்ற பேச்சுக்கூட எழுந்தது.

இந்திய கிரிக்கெட் வாரியம் அப்பீல் செய்தது. அப்பீல் முடியும்வரை தடை நிறுத்தி வைக்கப்பட்டது. நியூசிலாந்து நாட்டு நீதிபதி ஜான் ஹான்சன் அடிலெய்டு நகரில் விசாரணை நடத்தினார். டெண்டுல்கர் சாட்சி சொன்னார். முடிவு என்ன? இனத்தை இழித்து ஏசியதாகச் சொன்ன குற்றம் நிரூபணம் ஆகவில்லை. தகாத வார்த்தை பேசியது மட்டும் நிரூபணம் ஆயிற்று. தடை போயிற்று. பந்தயச் சம்பளத்தில் பாதி மட்டும் அபராதம்.

இதோடு கதை முடியவில்லை. ஹர்பஜன் இதற்கு முன்பும் சில தண்டனைகள் பெற்றவர். அந்தப் பட்டியல் முழுவதும் நீதிபதியின் கைக்குப் போகவில்லை. தவறு கிரிக்கெட் கவுன்சில் தரப்பில் நடந்தது. எல்லா விவரமும் தெரிந்திருந்தால் தண்டனை வேறு மாதிரி இருந்திருக்கலாம் என்று நீதிபதியே பிறகு சொன்னார். ஒரு காகிதம் வராததால் ஒருவர் தப்பினார். அடுத்தவருக்கும் அந்த அதிர்ஷ்டம் அடிக்கும் என்று எந்த வக்கீலும் சொல்ல மாட்டார்.

முட்டைப் பந்து ஆட்டம்

ரக்பி என்று ஓர் ஆட்டம். நாமக்கல் முட்டையைப் பெரிதாக்கியது போல இருக்கும் அதன் பந்து. அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். எதிரணிக்காரர் பாய்ந்து பிடித்துக் கீழே தள்ளுவார். நம் ஊர் சடுகுடு போல மூச்சு முட்டும் ஆட்டம்! ஆனால் தலையில் மோதினால் கடும் தண்டனை.

அப்போது இங்கிலாந்து அணியின் தலைவராக இருந்தவர் ஓவன் பாரல். 2023-ம் ஆண்டு ஆகஸ்டு 12-ந் தேதி வேல்ஸ் அணியுடன் நடந்த ஆட்டத்தில், அவருடைய தோள் எதிரணி வீரர் ஒருவரின் தலையில் மோதியது. சிவப்பு அட்டை காட்டப்பட்டது. உலகக்கோப்பைப் போட்டி தொடங்க ஒரு மாதம்கூட இல்லை.

ஒழுங்கு விசாரணைக் குழு கூடியது. "கடைசி நொடியில் ஆட்டத்தின் போக்கு மாறிவிட்டது. அதனால் நேர்ந்தது" என்ற வாதத்தை ஏற்றது. சிவப்பு அட்டை ரத்தாயிற்று. பாரல் விடுதலை!

மகிழ்ச்சி ஒரு வாரம் நிலைக்கவில்லை. உலக ரக்பி சங்கம் அந்தத் தீர்ப்பின் மீது அப்பீல் செய்தது. ஆகஸ்டு 22-ந் தேதி தீர்ப்பு மாறியது. 4 ஆட்டங்களுக்குத் தடை. உலகக்கோப்பையில் இங்கிலாந்தின் முதல் இரண்டு ஆட்டங்களில் அணித் தலைவர் இறங்க முடியவில்லை.

நாளை குஸ்தி, இன்று தடை

பாரலுக்குப் போனது சில ஆட்டங்கள். இந்திய மல்யுத்த வீரர் நர்சிங் யாதவுக்குப் போனது ஒலிம்பிக்.

2016-ம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்குக்கு அவர் தேர்வாகி இருந்தார். ஊக்க மருந்துச் சோதனையில் சிக்கினார். "என் பானத்தில் யாரோ மருந்தைக் கலந்துவிட்டார்கள்" என்றார். இந்திய ஊக்க மருந்துத் தடுப்பு அமைப்பின் விசாரணைக் குழு அதை நம்பியது. ஆகஸ்டு 1-ந் தேதி குற்றம் இல்லை என்று தீர்ப்பு. நர்சிங் ரியோவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

உலக ஊக்க மருந்துத் தடுப்பு அமைப்பு விடவில்லை. விளையாட்டு நடுவர் மன்றத்துக்கு அப்பீல் போட்டது. சுவிட்சர்லாந்து நாட்டு லாசேன் நகரில் தலைமையகம் கொண்ட இந்த மன்றம்தான் விளையாட்டு வழக்குகளுக்கு உச்ச கோர்ட்டு மாதிரி. ஒலிம்பிக் சமயத்தில் அதன் கிளை ரியோவிலேயே இருந்தது. ஆகஸ்டு 18-ந் தேதி தீர்ப்பு வந்தது: 4 ஆண்டுகள் தடை. மறுநாள் அவருக்குக் குஸ்தி!

"யாரோ கலந்தார்கள்" என்று சொன்னால் மட்டும் போதாது, அதற்குச் சான்று வேண்டும் என்றது மன்றம். ஊரில் ஜெயித்த வாதம் அங்கே நிற்கவில்லை.

4 ஆண்டுகள் என்பது ஓட்டப்பந்தய வீரருக்கும் மல்யுத்த வீரருக்கும் பாதி ஆயுள். திருச்சி கோமதி மாரிமுத்து 2019-ம் ஆண்டு டோஹாவில் ஆசியத் தங்கம் வென்றார். ஊக்க மருந்துப் புகாரில் அந்தத் தங்கம் போயிற்று. அவருக்கும் 4 ஆண்டுகள் தடை.

ஆறு வருஷ அலைச்சல்

கேரளத்து வேகப் பந்து வீச்சாளர் ஸ்ரீசாந்த் கதை இன்னொரு விதம். சூதாட்டப் புகாரில் 2013-ம் ஆண்டு கிரிக்கெட் வாரியம் ஆயுள் தடை விதித்தது. 2015-ல் டெல்லி கோர்ட்டு அவரை வழக்கில் இருந்து விடுவித்தது. வாரியம் தடையை நீக்கவில்லை. 2017 ஆகஸ்டில் கேரள ஐக்கோர்ட்டின் தனி நீதிபதி தடையை ரத்து செய்தார். வாரியம் அப்பீல் செய்தது. அக்டோபரில் இரண்டு நீதிபதிகள் தடையை மீண்டும் கொண்டுவந்தார்கள். 2019-ல் சுப்ரீம் கோர்ட்டு, தண்டனையை மறுபடி யோசிக்கச் சொன்னது. கடைசியில் ஆயுள் தடை 7 வருஷத் தடையாகக் குறைந்தது.

அப்பீல் வீண் என்று சொல்ல முடியாது. ஆனால் தடை விழுந்தபோது அவருக்கு வயது 30. முடிந்தபோது 37. வேகப் பந்து வீச்சாளருக்கு அந்த வயதில் தோளில் என்ன மிச்சம் இருக்கும்?

ஒப்புக்கொள்வதா, போராடுவதா?

ஊக்க மருந்து வழக்கில் இன்னொரு சிக்கல் உண்டு. 4 ஆண்டுகள் தடைக்குரிய குற்றம் என்றால், குற்றச்சாட்டுக் கடிதம் கிடைத்த 20 நாளுக்குள் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையையும் ஏற்பவருக்கு ஒரு வருஷம் குறையும். போராடப் போனால் அந்தச் சலுகை போய்விடும். ரக்பியிலும் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஒழுங்காக நடப்பவருக்குத் தண்டனை பாதி வரைகூடக் குறையலாம்.

தவறு செய்தவருக்கு இது நல்ல வழி. தவறே செய்யாதவர் என்ன செய்வார்? செய்யாததைச் செய்தேன் என்று எழுதிக் கொடுத்து 3 வருஷம் வீட்டில் இருப்பதா? உண்மைக்காகப் போராடி, தோற்றால் 4 வருஷம் இருப்பதா? இது கொடுமையான கணக்கு. விதியை எழுதியவர்கள் நிரபராதியை நினைத்து எழுதியதாகத் தெரியவில்லை.

இங்கே சான்றுதான் பேசும். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு, மருந்துக் கடை ரசீது, சத்து மாவு டப்பா, அதை வாங்கிய பில் இவை எல்லாம் வீட்டில் இருந்தால் போராடலாம். கையில் ஒன்றும் இல்லாமல் கோபத்தை மட்டும் வைத்துக்கொண்டு லாசேன் வரை போகிறவர் வக்கீலுக்குப் பணமும் கட்டுவார், தடையையும் அனுபவிப்பார். ஊக்க மருந்து வழக்கில் அப்பீல் செய்துவிட்டதாலேயே தடை நின்றுவிடாது. ஹர்பஜனுக்குக் கிடைத்த வசதி அங்கே தானாக வராது.

காலக்கெடுவும் கறாரானது. லாசேன் மன்றத்துக்குப் போகப் பொதுவாக 21 நாள்தான். தீர்ப்பு கையில் கிடைத்த நாளில் இருந்து அது எண்ணப்படுகிறது. கிராமத்து விலாசத்துக்கு வரும் ஆங்கிலக் கடிதத்தை யாரிடமாவது காட்டிப் படிக்கச் சொல்வதற்குள் ஒரு வாரம் போய்விடும். தபாலில் வந்தால் உறையைக் கிழித்துப் போடாமல், தபால் முத்திரையோடு பத்திரப்படுத்தி வைக்க வேண்டும். செல்போனில் வந்தால் அதை அழிக்கக் கூடாது. வக்கீல் முதலில் கேட்பது அந்தத் தேதியைத்தான்.