மாதவிடாய்ச் சீர்கேடும் சீன மருத்துவமும்



மாதவிடாய் தவறும் பெண்களுக்குச் சீன மரபு மருத்துவர்கள் இரத்தக் குறைவு, 'ச்சி' எனும் உயிராற்றலின் தேக்கம், சிறுநீரகப் பலவீனம் என்று வகை பிரித்து மருந்து தருகிறார்கள். தாங்குயி எனும் மூலிகை சேர்ந்த நான்கு மூலிகைக் கசாயம் சீனாவின் சொங் அரசமரபுக் காலத்திலிருந்தே வழக்கில் உள்ளது. தூக்கம், உணவு, கவலை வரை பொறுமையாகக் கேட்டறியும் அந்த முறை மதிப்புக்குரியது. ஆனால் நெடுங்காலப் புழக்கமே பலனுக்குச் சான்றாகிவிடாது. சீன மருத்துவ முறைகளின் பலனை உரைத்துப் பார்த்தவர்கள் சீன மருத்துவர்களேதான். ஹெய்லோங்சியாங் சீன மருத்துவப் பல்கலைக்கழகம் முன்னின்று, பிசிஓஎஸ் எனும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள 1,000 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. கருமுட்டை வெளிவரத் தூண்டும் குளோமிஃபீன் மாத்திரை பெற்றவர்களில் 28.7 விழுக்காட்டினருக்கும், போலி மாத்திரை பெற்றவர்களில் 15.4 விழுக்காட்டினருக்கும் குழந்தை பிறந்தது. அதே ஆய்வில் சோதிக்கப்பட்ட சீன ஊசிமுறையான அக்குபங்சரோ, போலி ஊசிமுறையைவிடக் கூடுதல் பலன் தரவில்லை. அவர்கள் முதன்மையாக அளந்தது குழந்தைப்பேற்றைத்தான், மாதச் சுழற்சியை அல்ல. ஆயினும் கருமுட்டை சரிவர வெளிவராததே இந்நோயில் இரண்டுக்கும் வேர்.

ஆளுக்கு ஆள் மாறும் மருத்துவத்தை இப்படிச் சோதிக்க இயலாது என்பார்கள். கலவையை மாற்றும் உரிமையை மருத்துவரிடமே விட்டுவிட்டு, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதிக்கலாமே. பழைய மருத்துவ நூலிலிருந்து குறிப்பெடுத்த சீன விஞ்ஞானி தூ யூயூவும், மலேரியா மருந்தைச் சோதித்து நிறுவிய பின்பே 2015இல் நோபல் பெற்றார். மூலிகை தீங்கற்றது என்ற வாதமும் நிற்காது: இரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரினுடன் தாங்குயி சேர்ந்தால் இரத்தப்போக்கு கூடலாம். கர்ப்பம், தைராய்டு கோளாறு, புரோலாக்டின் மிகுதி ஆகியவையும் மாதவிடாயை நிறுத்தும். மூன்று மாதம் வராதிருந்தால், கசாயத்துக்கு முன் இவற்றுக்கான பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். உட்கொள்ளும் மூலிகைகளை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.