அம்மாவுக்கு அரை போட்டோ

உங்கள் செல்போனில் எத்தனை போட்டோ இருக்கிறது? எங்கள் ஆபீஸில் மத்தியானம் டிபன் பாக்ஸ் திறக்கிற நேரத்தில் ஒரு சின்ன கணக்கெடுப்பு நடத்தினேன். குறைந்தபட்சம் 7,000. அதிகபட்சம் 38,000.

அப்படி என்னதான் எடுத்திருக்கிறார்கள் என்று பார்த்தால்... ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம் ஒரு கத்தை. ஆதார் கார்டு முன்பக்கம், பின்பக்கம், சந்தேகத்துக்கு மறுபடியும் முன்பக்கம். விற்பதாகச் சொல்லி இன்றுவரை விற்காத பைக். பேன்ட் பாக்கெட்டுக்குள் போன் தானாகவே எடுத்துக்கொண்ட கும்மிருட்டு, ஒன்பது கோணங்களில். இதற்கெல்லாம் நடுவில் எங்கேயோ கல்யாணம், குழந்தையின் முதல் பல், போன வருஷம் தவறிப்போன தாத்தா.

அந்த 38,000 ஆசாமி காரைக்கால்மேட்டுக்காரர். முப்பது வயது. காரைக்கால் தெரியுமில்லையா? வடக்கே தரங்கம்பாடி, தெற்கே நாகூர், நடுவில் திடீரென்று புதுச்சேரி! 1954 வரை பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த ஊர். அங்கே கடலை ஒட்டி இருக்கிற மீனவர் குடியிருப்புதான் காரைக்கால்மேடு. மேடு என்பது பெயரில் மட்டும்.

"சார், போன் ஃபுல்லுன்னு சொல்லுது. எந்த ஹார்ட் டிஸ்க் வாங்கலாம்?" என்று கேட்டார்.

"எதுக்குப்பா செலவு? பாதியை அழிச்சு விடு" என்றார் எங்கள் கேஷியர், தயிர் சாதத்திலிருந்து நிமிராமலே. "உன் பொண்ணு தோசை சாப்பிடற போட்டோ மட்டும் நூத்துப் பத்து இருக்கு. எல்லாத்துலயும் அதே தோசை!"

"இருக்கட்டும் சார். எங்கம்மாவுக்கு மொத்தமே அரை போட்டோதான் இருக்கு."

கேஷியர் அப்புறம் பேசவில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நம்ம நேரப்படி காலை ஆறரைக்குச் சுமத்ரா பக்கம் கடலுக்கடியில் பூமி பிளந்தது. இரண்டு மணி நேரம் சொச்சத்தில் அலை இங்கே வந்துவிட்டது. காரைக்கால் பகுதியில் மட்டும் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மிக மோசமாக அடிபட்ட இடங்களில் காரைக்கால்மேடும் ஒன்று. நம்ம ஆசாமிக்கு அப்போது ஒன்பது வயது.

வீடு போனது, வலை போனது, படகு போனது. இவற்றுக்கு நிவாரணம் என்று ஏதோ ஒரு பாரம் இருந்தது. ஆல்பத்துக்கு எந்த பாரமும் கிடையாது. கலர் பிரிண்டில் உருவத்தைத் தாங்கி நிற்பது ஜெலட்டின் என்கிற மெல்லிய பூச்சு. உப்புத் தண்ணீரிலும் சேற்றிலும் ஊறினால் அது இளகிவிடும். கிருமிகளுக்கு அது நல்ல சாப்பாடு வேறு. சில நாளில் முகம் இருந்த இடத்தில் மஞ்சளும் சிவப்புமாய் ஒரு கறைதான் மிஞ்சும்.

"நெகட்டிவ் இருந்திருக்குமே?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு சார். அதே ஆல்பத்தோட பின்னட்டை பாக்கெட்டுல."

"சொந்தக்காரங்க வீட்டுல?"

"அத்தை அக்கரைப்பேட்டை. மாமா தரங்கம்பாடி. எங்கள்ல பொண்ணு குடுக்கறது எடுக்கறது எல்லாம் கடலோரமாவேதானே சார்."

யோசித்துப் பாருங்கள். கல்யாண போட்டோவில் நாலு காப்பி போட்டு நாலு ஊருக்குக் கொடுத்திருக்கிறார்கள். நாலு ஊருக்கும் ஒரே காலையில் ஒரே கடல் வந்தது. கடைசியில் கிடைத்தது, துபாயில் வேலை பார்த்த சித்தப்பாவுக்குக் கடிதத்தோடு அனுப்பிய ஒரு காதுகுத்து போட்டோ. 2002-ல் எடுத்தது. அதில் அம்மா ஓரமாக நிற்கிறார். முன்னால் யாரோ குறுக்கே வந்ததால் பாதி முகம்தான். அதைப் பெரிதாக்கி, மீதிப் பேரையெல்லாம் வெட்டி, மாலை போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் பீட்டர் குரோ என்று ஒரு போட்டோகிராபர். டிஜிட்டல் படங்களைப் பராமரிப்பது எப்படி என்று புத்தகம் எழுதியவர். அவர் பிரபலப்படுத்திய கணக்கு ஒன்று உண்டு: 3, 2, 1. எந்தப் படத்துக்கும் மூன்று பிரதி. இரண்டு வெவ்வேறு மாதிரியான சாதனங்களில். அதில் ஒன்றாவது வேறு இடத்தில். கம்ப்யூட்டர் ஆசாமிகள் இதை மந்திரம் மாதிரி ஒப்பிப்பார்கள். ஒப்பித்துவிட்டு, லேப்டாப்பையும் ஹார்ட் டிஸ்க்கையும் ஒரே பையில் போட்டு பஸ்ஸில் மேலே வைத்துவிட்டுத் தூங்குவார்கள். நெகட்டிவும் ஆல்பமும் ஒரே அட்டைக்குள் இருந்த கதைதான். 'வேறு இடம்' என்றால் பீரோவின் அடுத்த தட்டு இல்லை, பக்கத்து வீடும் இல்லை. ஒரே வெள்ளம், ஒரே தீ, ஒரே திருடன் இரண்டையும் எட்டக்கூடாது. காரைக்கால்மேட்டுக்காரருக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. துபாய் என்றாலே புரிந்துவிட்டது.

பெரிய கம்பெனிகளும் இதில் விதிவிலக்கில்லை. 1998-ல் பிக்சார் ஸ்டூடியோவில் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் கோப்புகளை யாரோ ஒருவர் தவறான கட்டளை கொடுத்து அழித்துவிட்டார். பெரும்பகுதி காலி! சரி, பேக்கப்பிலிருந்து எடுக்கலாம் என்று போனால் அது பல நாளாகச் சரியாகவே ஓடவில்லை. யாரும் திறந்து பார்த்ததில்லை. அப்போது கேலின் சஸ்மன் என்கிற பெண்மணிக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. கைக்குழந்தைக்காக வீட்டிலிருந்தே வேலை பார்த்தவர் அவர், வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி வைத்திருந்தார். அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, பிள்ளைத்தாய்ச்சியை அழைத்து வருகிற மாதிரி காரில் மெதுவாக ஓட்டி வந்தார்கள். (பிற்பாடு கதை சரியில்லை என்று படத்தில் பெரும்பகுதியை அவர்களே மாற்றி எடுத்தார்கள். அது வேறு கதை.) அங்கேயும் காப்பாற்றியது தூரத்தில், ஒரு வீட்டில் இருந்த பிரதி.

சரி, நம்ம ஆசாமிக்கு வருவோம். ஒரு போட்டோ சராசரியாக 4 எம்பி என்று வைத்தால் 38,000 போட்டோ 152 ஜிபி. ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் இந்த மாதிரி இரண்டரை லட்சம் படம் அடங்கும். தோசைக்கும் இடம் இருக்கிறது, இட்லிக்கும் இருக்கிறது. ஆக எந்த கம்பெனி, எத்தனை டெராபைட் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். எந்த ஹார்ட் டிஸ்க்கும் ஒருநாள் படுக்கும். 'எந்த டிஸ்க்' என்பதைவிட 'எத்தனை டிஸ்க்' என்பதுதான் கேள்வி. இரண்டு வாங்கச் சொன்னேன். காசு உதைத்தால் பெரிதாக ஒன்று வாங்குவதற்குப் பதில் சின்னதாக இரண்டு.

"ஒண்ணு வீட்டுல. இன்னொண்ணு?"

"கடலோரம் இல்லாத ஊர்ல யார் இருக்கா?"

ரொம்ப நேரம் யோசித்தார். "கூடப் படிச்சவன் ஒருத்தன் கும்பகோணத்துல இருக்கான் சார்."

பேஷ். பொங்கலுக்கு ஒரு தடவை, ஆடிக்கு ஒரு தடவை போய் டிஸ்க்கை மாற்றிக்கொண்டு வந்தால் போதும். நண்பன் திறந்து பார்ப்பானோ என்று சங்கடமாக இருந்தால் வெராகிரிப்ட் மாதிரி இலவச சாப்ட்வேரில் பூட்டிக் கொடுக்கலாம். ஆனால் பாஸ்வேர்டை மறந்தால் எந்த மெக்கானிக்காலும் திறக்க முடியாது. பேப்பரில் எழுதி வீட்டுப் பத்திரத்தோடு வைக்கணும். கடலோர வீட்டில் உப்புக்காற்று எலெக்ட்ரானிக்ஸை அரிக்கும். புதுச் செருப்புப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி இறுகிய டப்பாவில் டிஸ்க்கைப் போட்டு வைப்பது நல்லது. பென் டிரைவ்? எடுத்துப் போவதற்கு சரி. வருஷக்கணக்கில் வைத்திருக்க அதை நம்பாதீர்கள். கரண்ட் படாமல் கிடந்தால் உள்ளே இருக்கிற மின்னேற்றம் மெல்லக் கசிகிற ஜாதி அது.

"கூகுள்லதான் எல்லாம் ஏறிடுதே சார்?" என்று இளவட்டங்கள் கேட்கிறார்கள். ஏறுகிறது. 2015-ல் கூகுள் போட்டோஸ் வந்தபோது, கொஞ்சம் சுருக்கிய தரத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் இலவசம் என்றார்கள். 2021 ஜூன் 1-ம் தேதியோடு அந்தத் தர்மசத்திரம் மூடப்பட்டது. இப்போது இலவசம் 15 ஜிபிதான். அதிலேயே உங்கள் மெயிலும் ஒண்டுக்குடித்தனம். நம்ம கணக்குப்படி 4,000 படம்கூடத் தேறாது. காசு கட்டி 152 ஜிபியையும் ஏற்றலாம். விநாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் நிற்காமல் போனால் சுமார் 34 மணி நேரம். ராத்திரி ராத்திரியாக ஏற்றினால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். ஏற்றுங்கள், நல்லதுதான். காரைக்கால்மேட்டுக்கு எத்தனை அலை வந்தாலும் அது நனையாது.

ஆனால் அதையே மலை மாதிரி நம்பி உட்காராதீர்கள். போனில் அந்த ஆப்புக்குள் போய் ஒரு படத்தை அழித்தால் மேலே இருக்கிறதும் சேர்ந்து போகும். குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும், அப்புறம் சிவலோகம். இரண்டு வருஷம் யாரும் தொடாத கணக்கை மூடிவிட கூகுளுக்கு அதிகாரம் உண்டு. ஆள் போய்விட்டால் கணக்கை யார் தொடுவார்கள்? அதற்காகவே கூகுளில் 'செயல்படாத கணக்கு நிர்வாகி' என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. யாரிடம் ஒப்படைக்கணும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். இன்ஷூரன்ஸுக்கு நாமினி போடுகிற நம்ம ஆட்கள் இதற்குப் போடுவதில்லை. கடையே மூடிவிடுவதும் உண்டு. ஆர்குட் ஞாபகமிருக்கிறதா? 2014 செப்டம்பர் 30-ல் மூடினார்கள். பிகாசா 2016-ல் போனது. ஊரே அழகாக அடுக்கி வைத்த ஆல்பங்கள்!

வாட்ஸ்அப்பில் அனுப்பினாலே பேக்கப் என்று நினைக்கிற ஒரு கோஷ்டியும் உண்டு. சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கித்தான் கொண்டு போகிறது. கேமரா படத்துக்குள் எழுதி வைக்கிற தேதி விவரமும் உதிர்ந்து போகும். முழுசாகப் போகணும் என்றால் 'டாக்குமென்ட்' என்று அனுப்புங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. நகல் எடுத்தால் திறந்து பாருங்கள். பிக்சார்காரர்கள் செய்யாதது அதுதான். சம்பளம் வந்த முதல் ஞாயிறு, டிஸ்க்கைச் செருகி, பழசில் நாலு, புதுசில் நாலு படம் திறந்தால் போதும். கண் முன்னால் முகம் தெரிந்தால்தான் கணக்கில் சேர்த்தி.

அடுக்குகிற வேலைக்கு வந்தால் அவரவர் மனைவி சொன்னபடி. நான் சொல்வது ஒன்றுதான். போல்டர் பெயரில் வருஷம் முதலில், அப்புறம் மாசம், தேதி, அப்புறம் விசேஷம். கம்ப்யூட்டர் தானாகவே வரிசைப்படுத்திக்கொள்ளும். டிஜிகேம் என்கிற இலவச சாப்ட்வேர், படத்தில் இருப்பவர்களின் பெயரை அந்தப் படத்துக்குள்ளேயே எழுதி வைக்கும். நாளைக்கு சாப்ட்வேர் காணாமல் போனாலும் பெயர் போகாது.

பெயர் ரொம்ப முக்கியம் சார். 2011 மார்ச்சில் ஜப்பானில் சுனாமி வந்தபோது சேற்றில் கிடந்த போட்டோக்களைப் பொறுக்கி, கழுவி, ஸ்கேன் செய்து சொந்தக்காரர்களிடம் சேர்க்கும் வேலையில் ரிக்கோ கம்பெனி இறங்கியது. 4 லட்சத்துக்கும் மேல் படங்கள். நாலு வருஷம் உழைத்தும் வீடு திரும்பியது சுமார் 90 ஆயிரம். மீதியில் இருப்பவர்கள் யாரென்று சொல்ல ஆளில்லை. நம்ம புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, பழைய தமிழ் ஸ்டூடியோ போட்டோக்களைத் தேடி ஸ்கேன் செய்திருக்கிறார்கள். இந்த மாதிரி பழைய ஸ்டூடியோ படங்களில் பட்டுப்புடவை, பூச்சாடி, திரைச்சீலையில் மாளிகை எல்லாம் பளிச்சென்று இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அம்மாள் யாரென்பது மட்டும் பெரும்பாலும் தெரியாது.

காரைக்கால்மேட்டுக்காரர் டிஸ்க் இரண்டும் வாங்கிவிட்டார். முதலில் ஸ்கேன் செய்தது அந்தக் காதுகுத்து போட்டோவை. வெட்டியதை விட்டுவிட்டு, சித்தப்பாவிடம் இருந்த முழுசை. எல்லோர் பெயரும் டைப் அடித்தாகிவிட்டது. அம்மாவை மறைத்து நிற்கிறவர் யாரென்றுதான் தெரியவில்லை. அத்தையிடம் கேட்டார், மாமாவிடம் கேட்டார், துபாயிலிருந்து ஊர் திரும்பிவிட்ட சித்தப்பாவிடமும் கேட்டார். ஒருவருக்கும் ஞாபகமில்லை. 'பாயச வாளி வைத்திருப்பவர்' என்று அடித்து வைத்திருக்கிறார்.