பூத்த தேதியை எழுதிவைத்தால் என்ன பயன்?

‘‘எங்கள் தோப்பில் மா, புளி, வேம்பு ஆகியவை முதல் பூ எடுக்கும் தேதிகளை 18 ஆண்டுகளாக டைரியில் குறித்து வருகிறேன். ‘இதை எழுதி என்ன ஆகப்போகிறது?’ என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். பருவநிலை மாற்றம் பற்றி எல்லோரும் பேசும் இந்தக் காலத்தில், இந்தக் குறிப்புகளுக்கு ஏதாவது மதிப்பு உண்டா?’’

- வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்.

நிச்சயம் உண்டு. பருவநிலை மாற்றத்தால் செடி, கொடி, மரங்கள் எப்படி மாறுகின்றன என்பதைக் காட்டும் முக்கியமான ஆராய்ச்சிகளில் ஒன்று, இப்படி ஒருவர் எழுதிவைத்த டைரியில் இருந்துதான் தொடங்கியது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் நகரத்துக்குப் பக்கத்தில் கான்கார்டு என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே வாழ்ந்தவர் ஹென்றி டேவிட் தோரோ. காந்தியடிகள் விரும்பிப் படித்த எழுத்தாளர் என்பதால், இவர் பெயர் பலருக்கும் தெரிந்திருக்கும். இவருக்கு இன்னொரு முகமும் உண்டு. தினமும் பல மணி நேரம் காட்டிலும் மேட்டிலும் நடந்து, எந்தச் செடி எந்தத் தேதியில் முதல் பூ விட்டது என்று எழுதிவைப்பார். 1852-ம் ஆண்டு முதல் 1858-ம் ஆண்டு வரை, 300-க்கும் மேற்பட்ட தாவரங்களுக்கு இப்படிக் குறிப்பு எடுத்து, அட்டவணையும் போட்டார். 1862-ம் ஆண்டு அவர் இறந்த பிறகு, அந்தத் தாள்களைப் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை.

தூசி தட்டப்பட்ட அட்டவணை

பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் சூழலியல் பேராசிரியர் ரிச்சர்ட் பிரிமாக், பல ஆண்டுகள் போர்னியோ தீவின் மழைக்காடுகளில் ஆராய்ச்சி செய்தவர். ‘பருவநிலை மாற்றத்தின் அடையாளம் சொந்த ஊரிலேயே தெரிகிறதா?’ என்ற கேள்வியோடு பழைய குறிப்புகளைத் தேட ஆரம்பித்தபோது, தோரோவின் அட்டவணை அவருக்குக் கிடைத்தது. அதே ஊரில் ஆல்ஃபிரட் ஹோஸ்மர் என்ற கடைக்காரர், 1878-ம் ஆண்டிலும், 1888 முதல் 1902 வரையிலும் எடுத்துவைத்த குறிப்புகளும் கிடைத்தன.

பிரிமாக்கும், அவருடைய மாணவர் ஆபிரகாம் மில்லர்-ரஷிங்கும் அதே கான்கார்டு காடுகளில் நடந்து, அதே செடிகளைத் தேடி, 2004 முதல் 2006 வரை பூக்கும் தேதிகளைக் குறித்தார்கள். பழைய தேதிகளையும் புதிய தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது விஷயம் தெளிவானது. பரவலாகக் காணப்படும 43 தாவரங்கள், தோரோ காலத்தைவிடச் சராசரியாக 7 நாள்கள் முன்னதாகவே பூத்தன. இடைப்பட்ட காலத்தில் அந்தப் பகுதியின் வெப்பநிலை 2.4 டிகிரி செல்சியஸ் உயர்ந்திருந்தது. அதாவது, ஒரு டிகிரிக்குச் சுமார் 3 நாள்கள். இந்த வெப்ப உயர்வில், நகரம் பெருகியதால் வந்த சூடும் சேர்ந்திருக்கிறது. செடிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. சூடு எங்கிருந்து வந்தாலும் அது பூத்துவிடும்.

ஆனால், எல்லாச் செடியும் ஒரே மாதிரி மாறவில்லை. ‘ஹைபுஷ் புளூபெர்ரி’ என்ற பழச்செடி வெப்பத்துக்கு மிக வேகமாக அசைந்து கொடுத்து, வாரக்கணக்கில் முன்னால் வந்துவிட்டது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த, ஒரே இடத்தில் வளரும் செடிகளில்கூட ஒன்று மாறியது, இன்னொன்று மாறவில்லை.

மாறாதது மறைந்தது

அடுத்து நடந்த ஆய்வுதான் கவலை தரக்கூடியது. 2008-ம் ஆண்டு வெளியான அந்த ஆய்வின்படி, தோரோ பார்த்த தாவரங்களில் 27 சதவிகிதம் கான்கார்டில் இப்போது இல்லை. இன்னொரு 36 சதவிகிதம், தேடினால் மட்டுமே கிடைக்கும் அளவுக்குக் குறைந்துவிட்டது. எவை மறைந்தன என்று பார்த்தால், வெப்பத்துக்கு ஏற்றபடி பூக்கும் நாளை மாற்றிக்கொள்ளாத குடும்பங்களே அதிகம். ஆர்க்கிட், லில்லி போன்றவை இந்தப் பட்டியலில் வருகின்றன.

யார் பிழைத்தார்கள்? வெளியிடங்களில் இருந்து வந்து பரவிய ஆக்கிரமிப்புச் செடிகள், உள்ளூர்ச் செடிகளைவிட லாகவமாகப் பூக்கும் நாளை மாற்றிக்கொண்டன. களையோடு மல்லுக்கட்டும் விவசாயிகளுக்கு இதில் ஒரு சேதி இருக்கிறது. பருவம் தடுமாறும்போது முதலில் சுதாரித்துக்கொள்வது, பெரும்பாலும் நாம் விரும்பாத செடிதான்.

முன்னதாகப் பூத்தால் நல்லதுதானே?

அப்படிச் சொல்லிவிட முடியாது. 2012-ம் ஆண்டு மார்ச் மாதம், அமெரிக்காவின் பல பகுதிகளில் வழக்கத்துக்கு மாறான வெப்பம். கான்கார்டில் பல செடிகள், 161 ஆண்டுக் குறிப்புகளில் இல்லாத அளவுக்கு முன்னதாகப் பூத்தன. அதே வெப்பத்தில் மிச்சிகன் மாநிலத்து ஆப்பிள் மரங்களும் அவசரமாக மொட்டு விட்டன. ஏப்ரலில் உறைபனி திரும்பி வந்தது. மொட்டும் பூவும் கருகின. அந்த ஆண்டு அந்த மாநிலத்தின் ஆப்பிள் மகசூலில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு போய்விட்டது. மரம் நன்றாகத்தான் இருந்தது. பூத்த நாள்தான் தவறிப்போனது.

இன்னொரு சிக்கலும் உண்டு. காட்டின் பெரிய மரங்கள், தோரோ காலத்தைவிடச் சுமார் இரண்டு வாரம் முன்னதாகத் துளிர்க்கின்றன. அவற்றின் அடியில் வளரும் சிறு பூச்செடிகளோ ஒரு வாரம்தான் முன்னே வந்திருக்கின்றன. மரம் தழைத்து நிழல் கட்டுவதற்கு முன் கிடைக்கும் வெயிலில்தான் அந்தச் சிறு செடிகள் ஆண்டு முழுமைக்கும் உணவு சேர்க்க வேண்டும். அந்த வெயில் நாள்கள் இப்போது குறைந்துவிட்டன.

நம் ஊருக்குப் பொருந்துமா?

‘ஒரு டிகிரிக்கு 3 நாள்’ என்ற கணக்கை அப்படியே நம் தோப்புக்குக் கொண்டுவரக் கூடாது. கான்கார்டில் பனிக்காலம் முடிந்து வரும் வெப்பம்தான் செடியை எழுப்புகிறது. நம்முடைய மாமரத்துக்குக் குளிர்ந்த இரவுகள் தேவை. மழை நின்று, மண் கொஞ்சம் காய வேண்டும். மழை இழுத்துக்கொண்டே போனாலோ, இரவில் குளிர் இறங்காவிட்டாலோ, பூ வரவேண்டிய கிளையில் தளிர் வந்துவிடும். அதனால், வெப்பம் கூடினால் மா முன்னதாகப் பூக்கும் என்று சொல்ல முடியாது. தாமதமாகலாம், இரண்டு மூன்று தவணையாகப் பிரிந்தும் பூக்கலாம். உங்கள் தோப்பில் நடப்பதை உங்கள் டைரிதான் சொல்ல வேண்டும்.

குறிப்பு எவ்வளவு உதவும் என்பதற்கு நெல்லிலும் உதாரணம் உண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம், தன் பண்ணையில் 1979-ம் ஆண்டு முதல் 2003 வரை தினசரி வெப்பநிலையைக் குறித்து வைத்திருந்தது. அதையும் அங்கே எடுத்த மகசூலையும் ஒப்பிட்டபோது, வறண்ட பருவ நெல்லில் இரவு வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தால் மகசூல் 10 சதவிகிதம் குறைவது தெரியவந்தது. பகல் வெயிலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், இது கண்ணில் பட்டிருக்காது.

எப்படிக் குறிக்க வேண்டும்?

வாசகரின் 18 ஆண்டுக் குறிப்பு நல்ல தொடக்கம். அதை இன்னும் உறுதியாக்கச் சில யோசனைகள்...

ஒன்று, ஒவ்வோர் ஆண்டும் அதே மரங்களையே பாருங்கள். இனத்துக்கு ஐந்து மரங்களைத் தேர்ந்தெடுத்து, எண் எழுதிய தகடு கட்டுங்கள். ரகத்தின் பெயர், நட்ட ஆண்டு, பாசன வசதி ஆகியவற்றை முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

இரண்டு, முதல் பூவோடு நிறுத்த வேண்டாம். ஒரே ஒரு கிளை அவசரப்பட்டுப் பூத்தாலும் ‘முதல் பூ’ என்றாகிவிடும். மரத்தில் பாதி பூத்த நாள், பிஞ்சு பிடித்த நாள், முதல் அறுவடை நாள் ஆகியவற்றையும் சேருங்கள்.

மூன்று, மழை அளவையும், இரவின் குறைந்தபட்ச வெப்பநிலையையும் குறியுங்கள். சாதாரண மழைமானியும் வெப்பமானியும் போதும்.

நான்கு, பூக்க வைக்க மருந்து கொடுத்திருந்தாலும், கவாத்து செய்திருந்தாலும், அந்த ஆண்டுக் குறிப்பில் அதைத் தவறாமல் எழுதுங்கள். இல்லையென்றால், மருந்தின் வேலையைப் பருவநிலையின் வேலை என்று தவறாக நினைக்க நேரிடும்.

ஐந்து, போகாத நாளுக்குக் குத்துமதிப்பாகத் தேதி போட வேண்டாம். ‘பார்க்கவில்லை’ என்று எழுதினால், அதுவும் நேர்மையான தகவல்தான்.

இரண்டு மூன்று ஆண்டுக் குறிப்பை வைத்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது. ஓர் ஆண்டு முந்தும், ஓர் ஆண்டு பிந்தும். பத்து ஆண்டுச் சராசரியை அடுத்த பத்து ஆண்டோடு ஒப்பிட்டால்தான் போக்கு தெரியும். அப்படிப் போக்கு தெரிந்துவிட்டால், தத்துப்பூச்சிக்கு எப்போது விழிப்பாக இருக்க வேண்டும், தேனீப் பெட்டியை எப்போது வைக்க வேண்டும், எந்த ரகத்தை அடுத்து நட வேண்டும் என்பதையெல்லாம் காலண்டரைப் பார்க்காமல், மரத்தைப் பார்த்து முடிவு செய்யலாம்.

இந்தியாவிலும் ‘சீசன்வாட்ச்’ என்ற மக்கள் அறிவியல் திட்டத்தில், பள்ளி மாணவர்கள் உட்படப் பலர் மரங்களைக் கவனித்துப் பூ, காய், தளிர் விவரங்களைப் பதிவு செய்கிறார்கள். விருப்பம் உள்ளவர்கள் அதில் சேரலாம்.

கடைசியாக ஒன்று. கடைக்காரர் ஹோஸ்மரின் குறிப்புகள் ஆராய்ச்சிக்குக் கிடைக்கக் காரணம், ஊர் நூலகம் அவற்றைப் பத்திரமாக வைத்திருந்ததுதான். டைரியைக் கரையானுக்கும் பழைய பேப்பர் கடைக்கும் விட்டுவிடாமல், நகல் எடுத்து ஒன்றை வீட்டிலும், ஒன்றை அருகில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ நூலகத்திலோ கொடுத்து வையுங்கள். கேலி செய்யும் வீட்டாரில் ஒருவரை, வரும் பருவத்தில் தோப்புக்கு அழைத்துப்போய் ஒரு மரத்தை அவர் பொறுப்பில் விடுங்கள். குறிப்பு தொடர, எழுதும் கையும் தொடர வேண்டும்.