மின்விசிறியோடு நிற்கக் கூடாது

விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்த மாணவியின் மரண வழக்கில், 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் 15 வழிகாட்டுதல்களை வகுத்தது. மனநலமும் அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவின் வாழ்வுரிமையில் அடக்கம் என்றது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கும் நிறுவனத்தில் தகுதிபெற்ற ஆலோசகர் இருக்க வேண்டும். மதிப்பெண்ணை வைத்து மாணவர்களைப் பிரிக்கவோ, பலர் முன் அவமானப்படுத்தவோ கூடாது. தற்கொலைத் தடுப்புக்காக விடுதி மின்விசிறிகளைப் பற்றியும் உத்தரவு உண்டு. நிர்வாகங்கள் முதலில் மாற்றுவது அவற்றைத்தான். படம் எடுத்துக் காட்டலாமே!

செங்கல்பட்டு மாவட்டத்துப் பொத்தேரியில் சிக்கல் வேறு. ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய வாடகை வீடுகளில் தங்கும் மாணவர்கள் எந்த விடுதிக் கணக்கிலும் வரமாட்டார்கள். நள்ளிரவில் மனம் உடைபவருக்கு அலுவலக நேர ஆலோசகரால் என்ன பயன்? ஆட்சியர் தலைமையில் மாவட்டக் கண்காணிப்புக் குழு அமைக்கவும் தீர்ப்பு சொல்கிறது. செங்கல்பட்டுக் குழு இந்த வீடுகளையும் கணக்கில் எடுக்கட்டும்; எந்தக் கல்லூரியில் ஆலோசகர் இருக்கிறார், எங்கே இல்லை என்ற பட்டியலையும் வெளியிடட்டும்.