காவல் கருவிகள் பெருகினால் காவல் பெருகுமா?

2024 ஜூலை 31 அன்று நாட்டின் சுமார் 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்கள் யுபிஐ வழியாகப் பணம் அனுப்ப முடியாமலும், ஏடிஎம்மில் பணம் எடுக்க முடியாமலும் தவித்தனர். அவற்றில் பெரும்பாலானவை கூட்டுறவு வங்கிகளும் மண்டல ஊரக வங்கிகளும். தாக்கப்பட்டவை அந்த வங்கிகள் அல்ல. அவற்றுக்குக் கணினிச் சேவை அளித்துவந்த 'சி-எட்ஜ் டெக்னாலஜிஸ்' நிறுவனத்தில் ரேன்சம்வேர் புகுந்தது. பாதிப்பு பரவாமல் தடுக்க, என்பிசிஐ அந்த நிறுவனத்தைத் தன் வலையமைப்பிலிருந்து துண்டித்தது. மறுநாள் இணைப்பு திரும்பியது.

சி-எட்ஜ் சிறு நிறுவனமன்று. பாரத ஸ்டேட் வங்கியும் டாடா கன்சல்டன்சி சர்வீசஸும் இணைந்து உருவாக்கியது. ஆனால், இந்தத் தாக்குதலை ஆராய்ந்த பெங்களூரின் கிளவுட்செக் நிறுவனம், தொடக்கப்புள்ளியாகச் சுட்டியது சி-எட்ஜுடன் பணியாற்றிய இன்னொரு நிறுவனத்தின் சரிவர அமைக்கப்படாத ஒரு சர்வரை. வங்கி, அதன் சேவையாளர், அந்தச் சேவையாளரின் கூட்டாளி என்று மூன்றாம் படியில் திறந்துகிடந்த கதவு, முதல் படியில் நின்ற வாடிக்கையாளரின் பணத்தை ஒருநாள் முடக்கியது.

தருமபுரி போன்ற ஒரு மாவட்டம் இந்த நிகழ்வைத் தூரத்துச் செய்தியாகக் கொள்ள முடியாது. இங்கே பணமும் பதிவேடும் புழங்குவது மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியிலும், கிராமத் தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்களிலும், பாலக்கோட்டிலும் அரூர் பகுதியிலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளிலும், பட்டுக்கூடு அங்காடியிலும், புளி மண்டிகளிலும், தனியார் மருத்துவமனைகளிலும்தான். இத்தகைய இடங்களில் முழுநேரக் கணினிப் பாதுகாப்பு அலுவலர் ஒருவரை நியமிப்பது எளிதன்று. டேலி திறக்காவிட்டாலும், பிரிண்டர் அசையாவிட்டாலும், சர்வர் நின்றாலும் அழைக்கப்படுபவர், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்துள்ள உள்ளூர்க்காரர். அல்லது சேலத்திலோ ஒசூரிலோ இருந்தபடி எனிடெஸ்க்கில் கணினிக்குள் நுழையும் இளைஞர். ஏஎம்சி என்ற மூன்றெழுத்துக்குள் நம் சிறு நிறுவனங்களின் மொத்த இணையக் காவலும் அடங்கிவிடுகிறது.

இந்தப் பணியைச் செய்யும் நிறுவனங்களைக் கணினித் துறையினர் 'எம்எஸ்பி' என்கின்றனர். தருமபுரி விவசாயிக்கு எம்எஸ்பி என்றால் குறைந்தபட்ச ஆதரவு விலை. இந்த எம்எஸ்பியோ பல நிறுவனங்களின் கணினிகளை மாதக் கட்டணத்துக்குத் தொலைவிலிருந்து மேலாண்மை செய்பவர். நான்கைந்து பேர் கொண்ட ஒரு நிறுவனம் நாற்பது ஐம்பது வாடிக்கையாளர்களைக் கவனிக்கக்கூடும். அவர்களுக்காக அது வாங்கிவைத்திருக்கும் கருவிகளைப் பாருங்கள்: வைரஸ் தடுப்புக்கு ஒன்று, ஃபயர்வாலுக்கு ஒன்று, மின்னஞ்சல் வடிகட்டலுக்கு ஒன்று, மென்பொருள் திருத்தங்களை நிறுவ ஒன்று, தொலைநிலை நுழைவுக்கு ஒன்று, பேக்கப் எடுக்க ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் திரை, கடவுச்சொல், புதுப்பிப்புத் தேதி. ஒவ்வொன்றும் நாள்தோறும் எச்சரிக்கைகளைக் கொட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் பெரும்பகுதி வெறும் இரைச்சல் என்பதால், எச்சரிக்கைகளைப் பார்க்காமலேயே மூடும் பழக்கம் வந்துவிடுகிறது. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பது இதுதான்.

இதைச் சிறு நிறுவனங்களின் குறைபாடு என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஜெனீவாவில் தலைமையகம் கொண்ட பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவின் சர்வர்களுக்குள் 2021 நவம்பர் 9 அன்று நுழைந்தவர்கள், 2022 ஜனவரி 18 வரை கண்டுபிடிக்கப்படவில்லை. 5,15,000-க்கும் மேற்பட்டோரின் விவரங்கள் அம்பலமாயின. போரிலும் பேரிடரிலும் குடும்பத்தைப் பிரிந்தவர்கள், காணாமற்போனவர்கள் ஆகியோரின் விவரங்கள் அவை. நுழைவாயிலாக இருந்தது நம் தமிழ்நாட்டு சோஹோ நிறுவனத்தின் மேனேஜ்எஞ்சின் பிரிவு தயாரித்த கடவுச்சொல் மேலாண்மை மென்பொருளில் இருந்த ஓட்டை. அதை அடைக்கும் திருத்தத்தைத் தயாரிப்பாளர் 2021 செப்டம்பரிலேயே வெளியிட்டிருந்தார். செஞ்சிலுவைக் குழு அதை உரிய நேரத்தில் நிறுவவில்லை. கருவியும் இருந்தது, மருந்தும் இருந்தது. எந்தக் கருவிக்கு எந்த மருந்து எப்போது என்று கணக்கு வைக்கும் கண் தவறிவிட்டது.

இந்தியச் சட்டமும் இந்தக் கண்ணைத்தான் கேட்கிறது. 2022 ஏப்ரல் 28 அன்று சிஇஆர்டி-இன் அமைப்பு பிறப்பித்த ஆணைப்படி, இணையத் தாக்குதல் நடந்ததை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அதைத் தெரிவிக்க வேண்டும்; கணினிப் பதிவுகளை 180 நாள்கள் பாதுகாக்க வேண்டும். சனிக்கிழமை மாலை ஒரு ஆலையின் கணக்குக் கோப்புகள் திறக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். பராமரிப்பாளர் ஆறு திரைகளில் எதில் முதல் எச்சரிக்கை வந்தது என்று தேடி, ஒவ்வொரு கருவியின் பதிவிலும் உள்ள நேரக் குறிப்புகளை ஒப்பிட்டு, நடந்தது தாக்குதல்தானா என்று உறுதிசெய்வதற்குள் அந்த ஆறு மணி நேரம் கரைந்துபோகும்.

எனவேதான், கருவிகளை ஒருங்கிணைத்து ஒரே தளத்தில், ஒரே திரையில் கொண்டுவர வேண்டும் என்ற குரல் உலகெங்கும் எம்எஸ்பி நிறுவனங்களிடையே வலுத்துள்ளது. செலவு குறையும், பயிற்சி எளிதாகும், நேற்றுச் சேர்ந்த ஊழியரும் விரைவில் பொறுப்பேற்க முடியும். இந்த வாதம் நியாயமானதே. ஆனால் இதை உரக்கச் சொல்பவர்களில் பெரும்பாலோர், அந்த ஒரே தளத்தை விற்பவர்கள் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

ஒரே தளம் உடைந்தால் என்ன ஆகும் என்பதை 2021 ஜூலை 2 காட்டியது. எம்எஸ்பிகள் பயன்படுத்தும் 'கசேயா விஎஸ்ஏ' என்ற தொலைநிலை மேலாண்மைக் கருவியின் ஓட்டை வழியாக ஆர்-ஈவில் கும்பல் நுழைந்தது. நேரடியாகப் பாதிக்கப்பட்ட கசேயா வாடிக்கையாளர்கள் அறுபதுக்கும் குறைவு. அவர்கள் வழியாகப் பாதிக்கப்பட்ட நிறுவனங்களோ 1,500 வரை. ஸ்வீடனில் கூப் அங்காடிகள் சுமார் 800 மூடப்பட்டன. கல்லாப்பெட்டிக் கணினிகள் இயங்கவில்லை. மறு ஆண்டே கசேயா, பேக்கப் துறையில் பெயர்பெற்ற டாட்டோ நிறுவனத்தை 620 கோடி டாலருக்கு வாங்கியது. வாசற்சாவியும் பெட்டகச் சாவியும் ஒரே கைக்குப் போவதைச் சந்தை இப்படித்தான் ஊக்குவிக்கிறது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக்கின் பழுதான ஒரு புதுப்பிப்பு, உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியபோது, இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸ்களைக் கையால் எழுதிக்கொடுத்தார்கள். அங்கே எதிரி எவரும் இல்லை. காவலாளியே இடறி விழுந்தார்.

ஆகவே, ஒருங்கிணைப்பதா வேண்டாமா என்பதைவிட எதை ஒருங்கிணைப்பது, எதைத் தனியே வைப்பது என்பதே பொருத்தமான கேள்வி. பார்வையை ஒருங்கிணைக்கலாம், ஒருங்கிணைக்கவே வேண்டும். எச்சரிக்கைகளும் பதிவுகளும் திருத்தங்களின் கணக்கும் ஒரே திரைக்கு வரட்டும். பேக்கப் மட்டும் அந்தத் தளத்தின் கைக்கு எட்டாத இடத்தில், வேறு கடவுச்சொல்லுடன், வேறொருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை கழற்றி இரும்பு பீரோவில் பூட்டிவைக்கப்படும் ஹார்ட் டிஸ்க் பழைய பாணிதான். ரேன்சம்வேரால் எட்ட முடியாததும் அதுவே. அதேபோல், ஒரே தலைமைக் கணக்கில் எல்லா வாடிக்கையாளரின் கணினிகளையும் திறக்கும் வசதியைப் பராமரிப்பாளர் கைவிட வேண்டும். மருத்துவமனைக்குள் நுழைந்தவர் சர்க்கரை ஆலைக்குள் செல்ல முடியாதபடி இடையில் சுவர் வேண்டும்.

இதற்கு யார் பொறுப்பு? தகவல் தொழில்நுட்பப் பணிகளை வெளியாருக்கு ஒப்படைப்பது குறித்து ரிசர்வ் வங்கி 2023 ஏப்ரலில் வெளியிட்ட நெறிமுறை, பணியை ஒப்படைக்கலாம், பொறுப்பை ஒப்படைக்க முடியாது என்பதைத் தெளிவாக்குகிறது. ஆனால் அது மண்டல ஊரக வங்கிகளுக்கும் சிறிய நகரக் கூட்டுறவு வங்கிகளுக்கும் பொருந்தாது. ஊரக வங்கிகளுக்கும் மாவட்டக் கூட்டுறவு வங்கிகளுக்கும் நபார்டு தனி வழிகாட்டுதல் வகுத்துள்ளது. தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்களோ வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் வரம்புக்கே வெளியே நிற்கின்றன. அந்தச் சங்கங்களை நாடு முழுவதும் கணினிமயமாக்க 2022 ஜூனில் 2,516 கோடி ரூபாயில் திட்டம் அறிவித்தது மத்திய அரசு. கணினி வந்துவிட்டது; காவலின் பொறுப்பு எவர் மேசையில் என்பது தெளிவாகவில்லை.

2023-இன் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த இடைவெளியை வேறு வழியில் நெருக்கும். அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் 18 மாதங்களில் நடைமுறைக்கு வருகின்றன. பாதுகாப்பில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கப்படலாம். தரவைக் கையாண்டது பராமரிப்பு நிறுவனமே ஆனாலும், சட்டத்தின் முன் நிற்க வேண்டியது அந்தத் தரவைத் திரட்டிய மருத்துவமனையோ சங்கமோதான்.

கூட்டுறவுத் துறை நினைத்தால், மாவட்ட அளவில் சங்கங்கள் அனைத்துக்கும் ஒரே கண்காணிப்பு மையத்தையும் ஒரே மாதிரி ஒப்பந்தத்தையும் உருவாக்க முடியும். தனித்தனியே பேரம் பேசும் வலிமை ஒரு கிராமச் சங்கத்துக்கு இல்லை. சேர்ந்து கேட்டால் உண்டு. அந்த ஒப்பந்தத்தில் முதலில் இடம்பெற வேண்டியவை மிகச் சாதாரணமானவை: ஆறு மணி நேரக் கெடுவுக்குள் தகவல் தர வேண்டியவர் யார், பேக்கப்பிலிருந்து கோப்புகளை மீட்டெடுத்துக் காட்டும் சோதனை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, பராமரிப்பாளர் மாறும் நாளில் கடவுச்சொற்கள் எத்தனை நாளுக்குள் கைமாற வேண்டும். மவுஸும் கீபோர்டும் பழுதானால் யார் செலவில் மாற்றுவது என்பதை மறவாமல் எழுதும் நம் ஏஎம்சி தாள்களில், இந்த மூன்று வரிகளும் அரிதாகவே தென்படுகின்றன.