ஏ-பி வரைபடம் சான்று ஆகாது

நம் இதழுக்கு வரும் நேர்வு அறிக்கைகளில் ஒரே மாதிரியான வரைபடத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். இடப்பக்கம் சில புள்ளிகள், நடுவில் ஒரு செங்குத்துக் கோடு, வலப்பக்கம் இறங்கிச் செல்லும் புள்ளிகள். பேஸ்லைனில் ஓயாமல் இருந்த கூச்சல் தலையீட்டுக்குப் பின் குறைந்தது, ஆகவே தலையீடு பலித்தது என்று அறிக்கை முடிகிறது. குழந்தை இப்போது நன்றாக இருப்பதில் எங்களுக்கும் மகிழ்ச்சியே. எதனால் நன்றாக இருக்கிறது என்பதற்கு மட்டும் அந்த வரைபடத்தில் விடை இல்லை.

பெற்றோர் நம்மைத் தேடி வருவது நிலைமை கைமீறிப் போகும்போதுதான். உச்சத்தில் இருக்கும் நடத்தை, யாரும் எதுவும் செய்யாவிட்டாலும், சில வாரங்களில் ஓரளவு இறங்க வாய்ப்புண்டு. அதே வாரங்களில் மருந்தின் அளவு மாறியிருக்கலாம், பள்ளிக்கு விடுமுறை விட்டிருக்கலாம், ஊரிலிருந்து பாட்டி வந்து தங்கியிருக்கலாம். ஏ-பி வடிவமைப்பு இவற்றில் எதையும் விலக்குவதில்லை.

இந்தச் சிக்கலை நம் துறை தொடக்கத்திலேயே நேர்கொண்டது. 1964-ல் ஐலீன் ஆலனும் அவர் குழுவினரும் வாஷிங்டன் பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் செய்த ஆய்வை இளம் பயிற்சியாளர்கள் ஒருமுறையாவது படிக்க வேண்டும். நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி சக குழந்தைகளோடு சேராமல் ஆசிரியைகளையே சுற்றி வந்தாள். ஐந்து நாள் பேஸ்லைனில், குழந்தைகளோடு அவள் கழித்த நேரம் நூற்றுக்குப் பத்தைச் சற்றே தாண்டியது. பெரியவர்களோடு கழித்தது நாற்பது. ஆசிரியைகள் தம் கவனத்தை அவள் மற்ற குழந்தைகளோடு இருக்கும்போது மட்டும் தந்தார்கள். அவள் விளையாட்டில் கலந்தாள். பலரும் இங்கேயே நிறுத்தியிருப்பார்கள். அவர்களோ சில நாட்களுக்குப் பழைய முறைக்கே திரும்பினார்கள். சிறுமியும் பெரியவர்களிடம் திரும்பினாள். மறுபடி கவனத்தை மாற்றித் தந்ததும் தோழிகளிடம் வந்தாள். ஆசிரியையின் கவனமே வலுவூட்டியாகச் செயல்பட்டது என்று அதன்பின் சொல்ல அவர்களுக்கு உரிமை இருந்தது.

எல்லா இடத்திலும் இப்படித் திரும்ப முடியாது. எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்ற குழந்தை அதை மறக்கப் போவதில்லை. தலையைச் சுவரில் மோதிக்கொள்வது நின்றபின் அதை மீண்டும் வரவழைக்க எவருக்கும் மனம் வராது, வரவும் கூடாது. 1968-ல் பேயர், வுல்ஃப், ரிஸ்லி மூவரும் பயன்முறை நடத்தைப் பகுப்பாய்வின் இலக்கணத்தை வகுத்தபோது, ரிவர்சலோடு மல்டிபிள் பேஸ்லைனையும் முன்வைத்ததற்குக் காரணம் இதுதான். மூன்று நடத்தைகளையோ மூன்று குழந்தைகளையோ ஒரே நாளில் அளக்கத் தொடங்குகிறோம். தலையீட்டை ஒவ்வொன்றிலும் வெவ்வேறு நாளில் நுழைக்கிறோம். முறை வந்த கோடு மட்டும் அசைந்து, மற்றவை இருந்த இடத்திலேயே நின்றால், விடுமுறையையும் பாட்டியையும் காரணம் காட்டுவது கடினம். விளைவு குறைந்தது மூன்று வெவ்வேறு நேரங்களில் தெரிய வேண்டும் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோல்.

'இது ஆய்வகத்துக்குச் சரி, கூட்டம் நிறைந்த தெரபி மையத்துக்கு ஏது நேரம்?' என்று கேட்பவர்கள் தம் அன்றாட வேலையைச் சற்று உற்றுப் பார்க்கட்டும். பல் துலக்குதல், சட்டை மாட்டுதல், தட்டைக் கழுவி வைத்தல் ஆகிய மூன்றையும் நாம் ஒரே நாளில் கற்பிப்பதில்லை. ஒன்று கைவந்தபின்தான் அடுத்தது. காத்திருப்புப் பட்டியலில் உள்ள குழந்தைகளும் ஒருவர்பின் ஒருவராகத்தான் சேர்கிறார்கள். வடிவமைப்பு ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது. அளவீட்டை மட்டும் முன்கூட்டியே தொடங்குவதில்லை. தினமும் அளக்க வேண்டியதில்லை. ஹார்னரும் பேயரும் 1978-ல் விளக்கியபடி, இடையிடையே சோதித்துப் பார்த்தாலே போதும்.

தன்னைத் தானே காயப்படுத்தும் குழந்தையின் பேஸ்லைனை வரைபட அழகுக்காக நீட்டுவது தவறு. அங்கே பாதுகாப்பே முதன்மை. ஆனால் காரணத்தைத் தேடாமல் தலையீட்டில் இறங்குவதும் தவறுதான். 1982-ல் ஐவாட்டா குழுவினர் ஆராய்ந்த ஒன்பது பேரில் ஆறு பேரிடம் குறிப்பிட்டதொரு சூழலில் தன்காயம் தொடர்ந்து மிகுந்தது. அந்தச் சூழல் எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. ஒன்பது பேரின் சராசரியைப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது. 1960-ல் மர்ரே சிட்மன் தனியாளின் தரவை வலியுறுத்தி எழுதியதன் பொருள் இத்தகைய இடங்களில் தெளிவாகிறது.

அடுத்த இதழ் முதல், ஏ-பி அறிக்கைகளை விவரிப்பாக மட்டுமே வெளியிடுவோம். தலையீடு பலித்தது என்ற முடிவுரைக்கு இடம் இல்லை. பலித்தது என்று எழுத விரும்புவோர் மும்முறை காட்டிய விளைவையும், இரண்டாம் பார்வையாளரின் பதிவோடு ஒப்பிட்ட உடன்பாட்டு அளவையும் சேர்த்து அனுப்புங்கள். இரண்டாவது கோடு அசையாமல் போன வரைபடங்களையும் தயங்காமல் அனுப்புங்கள். அவற்றையும் வெளியிடுவோம்.